பரிசலும் பனிச்சறுக்கு வண்டியும்

கடிவாளம் இல்லாத வண்டியில் நான் முதன்முதலாக ஏறியது, நார்வே நாட்டின் வடபகுதியில் உள்ள டிராம்சோ நகருக்கு வெளியே, ஒரு பனிப் பள்ளத்தாக்கில். மாட்டு வண்டிக்கு மூக்கணாங்கயிறு உண்டு. மைசூர் அரண்மனையைச் சுற்றிவரும் டாங்காவின் குதிரைக்குக் கடிவாளம் உண்டு. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிக்கோ அப்படி எதுவும் இல்லை. வண்டியின் கைப்பிடி ஒன்றுதான் ஓட்டுபவர் கையில் இருக்கிறது. நாய்களைத் திருப்புவதும் விரைவுபடுத்துவதும் குரலால்தான். வலப்பக்கம் திரும்ப ‘ஜீ’, இடப்பக்கம் திரும்ப ‘ஹா’. அலாஸ்காவில் வழங்கும் இச்சொற்களை வேறு நாடுகளின் வண்டியோட்டிகளும் எடுத்துக்கொண்டுள்ளனர். முன்னால் ஓடும் நாய் அச்சொல்லைக் கேட்டுத் திரும்பினால் வண்டி திரும்பும். அது கேட்கவில்லை என்றால் அது போன வழியே நம் வழி.

டிராம்சோ, வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்குக் கதிரவன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அதனால் நாள் முழுதும் நள்ளிரவு போல இருட்டாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம், மையில் நீர் கலந்தாற்போன்ற ஒரு நீல ஒளி மலைகளின்மேல் படர்கிறது. வெப்பக் கடல்நீரோட்டம் கரையைத் தொட்டுச் செல்வதால் துறைமுகம் உறைவதில்லை. கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குள் செல்லச் செல்லத்தான் குளிர் கடுமையாகிறது.

மைசூரில் என்னுடன் படித்த நண்பர் ஒருவர் அந்நகரின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். அவர் அழைத்ததன்பேரில் ஒரு ஜனவரி மாதத் தொடக்கத்தில் அங்குச் சென்றேன். அவருடைய அண்டை வீட்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். 1980களிலும் அதற்குப் பின்னும் இலங்கையிலிருந்து புறப்பட்ட தமிழர் பலர் நார்வேயின் வடகரையில் உள்ள மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை செய்து தம் வாழ்வைத் தொடங்கினர். அவரும் அவர்களுள் ஒருவர். நாய் வண்டிப் பயணத்துக்குப் போகிறேன் என்றதும், தம் மகனின் கம்பளி உடைகளை எடுத்துவந்து கொடுத்தார். “இரண்டு சோடி மேஸ் போடுங்கோ தம்பி. நாய் பனிக்குள்ளை படுக்குது எண்டு பாவம் பாக்காதையுங்கோ. அதுக்கு வெயில்தான் ஆகாது” என்றார். மேஸ் என்பது யாழ்ப்பாண வழக்கில் காலுறை. அவர் சொன்ன இரண்டும் அன்று மாலைக்குள் உண்மையாயின.

பண்ணையை நாங்கள் கண்ணால் காணும் முன்பே காதால் கேட்டோம். நூறு நாய்களுக்குக் குறையாமல் அங்கே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மரக்கூடு; கூட்டின் அருகே ஒரு சங்கிலி. திரைப்படங்களில் பார்க்கும் நீலக் கண்ணும் அடர்ந்த மயிரும் கொண்ட பெரிய நாயைத் தேடி வந்த பயணிகள் சிலருக்கு முகம் வாடிப்போயிற்று. அத்தகைய நாய் சைபீரிய ஹஸ்கி. சுற்றுலா வண்டிகளையும் பந்தய வண்டிகளையும் பெரும்பாலும் இழுப்பவை அலாஸ்கா ஹஸ்கிகள். இது தோற்றம் பார்த்து வகுக்கப்பட்ட சாதி இல்லை. ஓடுவதற்காகவே பல வகை நாய்களைக் கலந்து வளர்த்த கூட்டம். இருபது முதல் இருபத்தைந்து கிலோ எடை, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். நம் ஊர்ச் சிப்பிப்பாறை நாயையும் வடகர்நாடகத்து முதோள் நாயையும் பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஒடுங்கிய வயிறு அயலாகத் தோன்றவில்லை. இவற்றுக்கு மேலே இரண்டு அடுக்கு மயிர் இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளடுக்கு பஞ்சு போல் வெப்பத்தைக் காக்கிறது; வெளியடுக்கு பனியையும் நீரையும் தடுக்கிறது. படுக்கும்போது சுருண்டு, வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொள்கின்றன.

பண்ணையை நடத்தும் பெண்மணி எங்களுக்குப் பாடம் நடத்தினார். “மூன்று விதிகள் உள்ளன. முதல் விதி, கைப்பிடியை விடாதீர்கள். இரண்டாம் விதி, கைப்பிடியை விடாதீர்கள். மூன்றாவதும் அதுவே.” எல்லோரும் சிரித்தோம். பின்னர் அவர் காரணம் சொன்னார். ஓட்டுபவர் விழுந்துவிட்டால் நாய்கள் நிற்க மாட்டா. பாரம் குறைந்தது என்று இன்னும் விரைவாக ஓடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அடுத்த பள்ளத்தாக்கில்தான் இறங்க நேரும்.

ஒரு வண்டிக்கு இருவர். ஒருவர் கலைமான் தோலின்மேல் கால்நீட்டி உட்கார, மற்றவர் பின்னால் சறுக்குக் கட்டைகளின்மேல் நின்று ஓட்ட வேண்டும். இரண்டு கட்டைகளுக்கும் இடையில் இரும்புப் பற்கள் கொண்ட பிரேக் இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் பற்கள் பனியைக் கவ்வும். வண்டியை நிறுத்தி வைக்க ஒரு பனி நங்கூரமும் உண்டு. நாய்கள் இரண்டிரண்டாக ஒரு நடுக்கயிற்றில் பிணைக்கப்படுகின்றன. முன்னால் அறிவு மிக்கவை. வண்டியை ஒட்டிப் பின்னால் வலிமை மிக்கவை. கிரீன்லாந்தில் இப்படிக் கட்டுவதில்லை. அங்கு ஒவ்வொரு நாய்க்கும் தனிக்கயிறு. விசிறி விரிந்தாற்போல் பரந்து ஓடும். மரமே இல்லாத கடற்பனியில் அது இயலும். மரங்களுக்கிடையே ஓடும் வழியில் விசிறியாய்ப் பரந்தால், நாய்க்கொரு மரத்தில் கயிறு சுற்றிக்கொள்ளும்.

எங்கள் வண்டியின் முன்னோடி நாயின் பெயர் ‘கார்டெமொம்மெ’. நார்வே மொழியில் ஏலக்காய் என்று பொருள். அதன் இணையாய் ஓடிய உடன்பிறப்பு ‘கானெல்’, அதாவது இலவங்கப்பட்டை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஒரே வகைப் பெயர் வைப்பது அப்பண்ணையின் வழக்கமாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஒரு பொருளின் பெயரைத் துருவப் பனியில் ஒரு நாய்க்கு இட்டு, அதை நான் உரக்கக் கூவி அழைத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாயும் திரும்பிப் பார்த்தது.

வார்ப்பட்டைகளைக் கையில் எடுத்த நொடியில் பண்ணை முழுவதும் கூச்சல் எழுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நாய்கள் நான்கு காலும் தரையில் படாமல் துள்ளின. தேர்ந்தெடுக்கப்படாதவை ஊளையிட்டன. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழவில்லை. நங்கூரத்தை எடுத்ததும் வண்டி முன்னால் பாய்ந்தது. அடுத்த கணம் ஓர் ஒலியும் இல்லை. பனியின்மேல் கட்டைகள் வழுக்கும் மெல்லிய ஓசையும் இருபத்துநான்கு கால்களின் ஓசையும் மட்டுமே கேட்டன. பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் துருவ ஒளியையும் வெண்பனியையும் பற்றித்தான் மிகுதியாக எழுதுகின்றனர். அந்தக் கூச்சல் அறுந்து அமைதி விழுந்த நொடியே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

விளம்பரப் படங்களில் காணாதவையும் உண்டு. நாய்கள் ஓடிக்கொண்டே கழிவை வெளியேற்றும். பின்னால் வருபவர் அந்த மணத்தை முகர்ந்தே ஆகவேண்டும். ஏற்றம் வந்தால் ஓட்டுபவர் ஒற்றைக் காலால் பனியை உந்த வேண்டும். செங்குத்தான ஏற்றமென்றால் இறங்கித் தள்ள வேண்டும். நான் சற்றுச் சோம்பி நின்றபோது, பின்வரிசை நாய் ஒன்று கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்கும் ஆசிரியரின் பார்வை அது. இறங்கித் தள்ளினேன். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 12 பாகை. எனக்கு மூக்கின் நுனி மரத்தது. நாய்களோ ஓடியபடியே தலையைச் சாய்த்து வாயால் பனியை அள்ளித் தின்று உடலைக் குளிர்வித்துக்கொண்டன. நாய் நம்மைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைப் பெரிதும் வெளியேற்ற வேண்டும். யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதன் பொருள் அங்கே விளங்கிற்று.

இது நார்வேயின் பழங்கால வழக்கம் என்று உடன் வந்த பயணிகள் பலரும் நம்பினர். அது முழுவதும் சரியன்று. அந்நிலத்தின் தொல்குடிகளான சாமி மக்கள் தம் பனிவண்டிகளில் பூட்டியது கலைமானை. அவர்களுடைய நாய்கள் மந்தையைக் காத்தன. நாயைப் பனிவண்டியில் பூட்டியவர்கள் சைபீரியாவின் சுக்சி மக்களும், அலாஸ்கா முதல் கிரீன்லாந்து வரை வாழும் இன்யூட் மக்களும் அவர்களுக்கு முன்னோரும் ஆவர். சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ஷோகோவ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்டி நாய்களின் எலும்புகளும் சறுக்கு வண்டிகளின் பகுதிகளும் கிடைத்துள்ளன.

நார்வேக்காரர்கள் இக்கலையைப் பிறரிடம் கற்றுப் பெயர்பெற்றவர்கள். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த ரூவால் அமுண்ட்சென் 52 நாய்களுடன் புறப்பட்டார். திரும்பி வந்தவை 11. மற்றவற்றுள் பெரும்பாலானவை, எஞ்சிய நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாவதற்காகத் திட்டமிட்டே கொல்லப்பட்டன. டிராம்சோ துறைமுகத்தருகே அவருக்குச் சிலை இருக்கிறது.

1925ஆம் ஆண்டு ஜனவரியில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகளைக் காக்கும் மருந்தை நாய் வண்டிகளால் மட்டுமே கொண்டுசெல்ல முடிந்தது. ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் வழியை இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்தனர். அவர்களுள் மிக நீண்ட, மிகக் கொடிய பகுதியை ஓட்டியவர் நார்வேயில் பிறந்த லியோனார்ட் செப்பலா. அவருடைய முன்னோடி நாய் டோகோ. அப்போது அதற்கு வயது பன்னிரண்டு. கடைசிப் பகுதியை ஓடி மருந்தோடு ஊருக்குள் நுழைந்த நாய் பால்டோ. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரப் பூங்காவில் பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள். கடைசியாக வந்து கதவைத் தட்டுபவருக்கே மாலை விழும் என்பதை நாய்களும் அனுபவித்திருக்கின்றன.

இரண்டு மணி நேர ஓட்டம் முடிந்து, விறகடுப்பு எரியும் குடிலில் சூடான பழச்சாறு அருந்திக்கொண்டிருந்தபோது, பண்ணைப் பெண்மணியிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “பனி இல்லாத மாதங்களில் இந்த நாய்கள் என்ன செய்யும்?”

அக்கேள்வி எனக்குத் தோன்றியதற்கு நான் பிறந்த ஊர் காரணம். பாலாறு என்றதும் வேலூர் வழியாக ஓடும் பெரிய ஆற்றை நினைக்க வேண்டா. மாதேஸ்வரன் மலையிலிருந்து மேட்டூர் செல்லும் சாலையில், கர்நாடகமும் தமிழ்நாடும் கைகோக்கும் இடத்தில், காவிரியில் கலக்கும் சிற்றாறு இது. ஊருக்கும் அதே பெயர். 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரியும்வரை அப்பகுதி மைசூர் மாவட்டத்தில் இருந்தது. ஆற்றோட்டத்தில் மேலே போனால் ஒகேனக்கல். என் தாய்மாமன் அங்கே பரிசல் ஓட்டுபவர். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தாரோடு பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய அந்த வட்டப் படகைக் கன்னடத்தில் ஹரிகோலு என்பர். ஒரு காலத்தில் அக்கரைக்கு ஆளையும் ஆட்டையும் நெல் மூட்டையையும் கடத்திய பரிசல், இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறது. நாய் வண்டியும் அவ்வாறே. அலாஸ்காவில் தபாலும் மருந்தும் சுமந்த வேலையை விமானமும் பனிமோட்டார் வண்டியும் எடுத்துக்கொண்டன. எஞ்சியவை பந்தயமும் சுற்றுலாவும்தான். நார்வேயின் ஆல்டா நகரிலிருந்து 1981 முதல் நடக்கும் பந்தயத்தின் நீண்ட வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிறைந்து உபரிநீர் திறக்கப்பட்டால், ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை விதிப்பார்கள். சில ஆண்டுகளில் அத்தடை வாரக்கணக்கில் நீளும். மாமா பரிசலைத் தலையில் சுமந்து மேட்டுக்கு ஏற்றிக் கவிழ்த்து வைப்பார். “வெள்ளம் வந்தா நமக்குத்தான்டா பசி, மாப்பிள்ளை. பரிசலுக்குப் பசியில்லை” என்பார். நாயைக் கவிழ்த்து வைக்க முடியாது. பயணி வந்தாலும் வராவிட்டாலும் அதற்குப் பசிக்கும், அது ஓடவேண்டும், அதன் நகம் வளரும், அது மூப்படையும்.

பெண்மணி சற்று நேரம் யோசித்துப் பின் விரிவாகவே சொன்னார். பயணிகள் வருவது நான்கைந்து மாதங்கள். உணவிடுவது பன்னிரண்டு மாதங்கள். கடும் பந்தயத்தில் ஓடும் நாய் ஒரு நாளில் பத்தாயிரம் கலோரி வரை செலவழிக்கும். இளைஞன் ஒருவனுக்குத் தேவையானதைப்போல் மூன்று நான்கு மடங்கு. சுற்றுலா நாய்க்கு அவ்வளவு வேண்டாம். ஆயினும் மீனும் இறைச்சியும் கொழுப்பும் கலந்த கூழ் நாள்தோறும் வாளி வாளியாய் வேண்டும். கோடையில் வெப்பம் ஏறினால் ஓட்ட இயலாது. குளிர்ந்த காலைகளில் மட்டும் நடக்க அழைத்துச் செல்வார்கள். இலையுதிர் காலத்தில் பனி விழும்வரை சக்கரம் வைத்த வண்டியில் பூட்டிப் பயிற்சி தருவார்கள். இப்போதெல்லாம் பனி பிந்தி விழுவதால் சக்கர வண்டியின் காலம் நீண்டுகொண்டே போகிறது என்றார். புவி வெப்பமாவதைப் பற்றிப் பாடநூல்களில் படிக்கிறோம். அவர் அதைச் சக்கரத்தின் தேய்மானத்தில் அளந்துகொண்டிருந்தார்.

பயணிகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 2010இல் கனடாவின் விஸ்லர் நகரில், குளிர்கால ஒலிம்பிக் போட்டி முடிந்து வண்டிப் பயணத்துக்கு ஆள் குறைந்தபோது, ஒரு சுற்றுலாத் தொழிலில் இருந்த நாய்கள் பல கொல்லப்பட்டன. செய்தி வெளியானதும் நாடே அதிர்ந்தது. அந்த மாகாண அரசு விலங்குவதைத் தடைச் சட்டத்தைக் கடுமையாக்கி, வண்டி நாய்களைப் பராமரிக்கத் தனி விதிகளும் வகுத்தது. பின்னர் 2020இல் கொரோனா வந்து எல்லைகள் மூடப்பட்டபோது, துருவ நாடுகளின் பண்ணைகளில் பனி இருந்தது, நாய்கள் இருந்தன, பயணி ஒருவரும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் தாம் நாய்களுக்காகக் கடன் வாங்கியதாகவும் குட்டி ஈனுவதை நிறுத்தி வைத்ததாகவும் அப்பெண்மணி கூறினார். கடன் இன்னும் தீரவில்லை என்று சிரித்தார்.

சங்கிலியைப் பற்றியும் கேட்டேன். விலங்குநல ஆர்வலர் பலர் அதைக் கண்டிக்கின்றனர். ஓடப் பிறந்த உயிரை நாளின் பெரும்பகுதி சில அடி வட்டத்துக்குள் நிறுத்துவது தகாது என்பது அவர்கள் கருத்து. பெண்மணியோ, ஒவ்வொன்றுக்கும் தன் கூடும் தன் உணவும் என்றிருந்தால் சண்டை குறைகிறது என்றார். வேலியிட்ட பரந்த இடங்களைச் சிறிது சிறிதாகக் கட்டிவருவதையும் காட்டினார். அவர் நல்லவர், அதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விடத்தில் என் மனம் விலங்குநல ஆர்வலர் பக்கமே சாய்கிறது. ஓடும்போது அவை மகிழ்ந்தன என்பதை என் கண்ணால் கண்டேன். அந்த இரண்டு மணி நேரம் பயணியாகிய எனக்கும் உரியது. எஞ்சிய இருபத்திரண்டு மணி நேரம் நாய்க்கு மட்டுமே உரியது. பண்ணைக்குப் போகிறவர்கள் வண்டியில் ஏறும் முன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். உள்ளங்கால் வெடித்திருக்கிறதா, கூட்டில் உலர்ந்த வைக்கோல் உண்டா, மூத்த நாய்கள் எங்கே என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் விடை இருப்பதில்லை.

எங்களுக்கு விடை கிடைத்தது. பெண்மணி தம் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினார். அடுப்பருகே பழைய கம்பளியின்மேல் மூன்று கிழட்டு நாய்கள் படுத்திருந்தன. அவற்றுள் ஒன்று ஏலக்காயின் தாய், வயது பதினான்கு. கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. ஒன்பது குளிர்காலங்கள் முன்னோடியாக ஓடியதாம். வெளியே அடுத்த குழுவினருக்காக வார்ப்பட்டைகளை எடுத்தார்கள். கூச்சல் தொடங்கியதும் கிழவி எழுந்து, சுவரைத் தடவியபடி வாசலுக்கு வந்து நின்றது. பெண்மணி ஆணியில் தொங்கிய சிறு வார்ப்பட்டை ஒன்றை எடுத்து அதற்கு அணிவித்தார். வண்டி எதுவும் பூட்டாமல் முற்றத்தின் வேலி வரை மெல்ல நடத்திச் சென்று திரும்பி வந்தார். பட்டையைக் கழற்றியதும் அது கம்பளிக்குப் போய்ச் சுருண்டு படுத்து, வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொண்டது.

“நாள்தோறும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

“நாள்தோறும் இரண்டு முறை” என்றார் அவர்.